தண்ணீரில் மிச்சமிருந்த புகைபோக்கிகள்

நம் ஒளிப்படக் கிளப்பின் போட்டிக் குழுவுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த ஆண்டு முதல் எடுத்ததை மாற்றாத படங்களுக்கான 'இயல்பு' என்ற பிரிவு கிடையாது, எல்லாப் படங்களும் ஒரே பிரிவில்தான் போட்டியிடும், பரிசுக்கு வரும் படங்களின் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பைக் கேட்கும் விதியும் நீக்கப்படுகிறது என்று போன வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். 11 வருடமாக இந்தக் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். 7 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒரு முறை எழுதியும் கொடுத்தேன். இது உறுப்பினர்கள் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது என்பதால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முடிவுக்குக் காரணம் எது என்பது நமக்குத் தெரியும். இந்த ஆண்டு இயல்புப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய எண்ணூர் படம்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட காலையில் நானும் அங்கே இருந்தேன். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆறு பேர், விடிவதற்கு முன்பே ராயபுரத்திலிருந்து கிளம்பி, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பாலத்தில் போய் நின்றோம். ஆறரை மணிக்கு மேல்தான் வெளிச்சம் வந்தது. பனியும் புகையும் கலந்து வானம் பழைய அலுமினியப் பாத்திரம் போல இருந்தது. கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, கையில் தட்டுப்படுவதை அப்படியே பறிக்குள் போடுகிறார்கள். சாம்பலைக் கரைத்து ஊற்றியது போலத் தண்ணீர். அவர்களுக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன.

எங்கள் ஆறு பேர் கேமராவும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்த்தது. வடமேற்கு. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம், கடலுக்கு மேலே இருந்தது. என்னிடம் அன்று எடுத்த 43 ரா கோப்புகள் இருக்கின்றன. நேரமும் தேதியும் அவற்றோடு கேமராவே சேர்த்து எழுதும் எக்ஸிஃப் குறிப்பில் பதிவாகி இருக்கின்றன.

ஆகஸ்டில், சென்னை தினத்தை ஒட்டி நடந்த நம் கண்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வானம் முழுக்க ஆரஞ்சு. நடுவில் தகதகவென்று ஒரு சூரியன். தண்ணீர் நீலம். புகைபோக்கிகளைக் காணோம். அருகே போய்ப் பார்த்தேன். இறால் பிடிப்பவரின் முகத்தில் விழும் வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து வருகிறது. சூரியனோ அவருக்குப் பின்னால் இருக்கிறது. விடிகாலையில் வடமேற்கே சூரியன் உதித்த ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைவிட, ஆற்றில் அவருக்குப் பின்னால் மங்கலாக இரண்டு செங்குத்துக் கோடுகள் அலையில் நெளிந்துகொண்டிருந்தன. கரையில் புகைபோக்கிகளை அழித்தவர், தண்ணீரில் விழுந்திருந்த பிம்பத்தை அழிக்க மறந்துவிட்டார். மூன்று நடுவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பதும், ரா கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பிரிவுக்கு நீங்களே எழுதிய விதியில் "வெளிச்சம், நிறச்சமன், கிராப் தவிர வேறு மாற்றம் கூடாது" என்று இருந்தது.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. கணவர், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். படத்துக்குக் கீழே 'எண்ணூர்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அந்த அம்மா, "எண்ணூர் இவ்ளோ அழகா இருக்கா? ஒரு நாள் பசங்களக் கூட்டிட்டுப் போலாங்க" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் நின்று இறால் பிடிப்பவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர்களுடைய கஷ்டத்துக்கான காரணத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, அவர்களை மட்டும் அழகுக்காக வைத்துக்கொண்டோம். அதற்கு நாம் முதல் பரிசும் கொடுத்தோம்.

படத்தை எடுத்த நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய கண் நல்ல கண். அந்தக் குனிந்த உடல், பறி, கைகள் மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்த கணத்தை நாங்கள் ஐந்து பேரும் தவறவிட்டோம். அப்படியே கொடுத்திருந்தால் அதுதான் அந்த ஆண்டின் சிறந்த படம். ஆனால் போன வருடங்களில் பரிசு வாங்கிய படங்களைப் பார்த்து, இப்படிச் செய்தால்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் கற்றுக்கொண்டார். என் வருத்தமெல்லாம் உங்கள் மேல்தான்.

நான் எழுதிக் கொடுத்ததற்கு நீங்கள் அனுப்பிய பதிலில் மூன்று காரணங்கள் இருந்தன. எல்லாக் கோப்புகளையும் சோதிக்க ஆளும் நேரமும் இல்லை. எடிட்டிங்கில் எது சரி, எது தவறு என்று கோடு போட முடியாது. ஒளிப்படக்கலை தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் செய்வதுதான், 1850களில் இங்கே படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப் கூட மேகம் வரைந்திருக்கிறார்.

முதல் காரணத்துக்குப் பதில் சுலபம். நானூறு படங்களுக்கும் கேட்க வேண்டாம். கடைசிச் சுற்றுக்கு வரும் 20 படங்களுக்குக் கேளுங்கள். ஒரு ரா கோப்பு 25 எம்.பி. என்று வைத்தால் மொத்தமே 500 எம்.பி., ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஒரு மாலை நேரத்தில் பார்த்து முடிக்கலாம். நானே வந்து உட்காரத் தயார்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் எடிட்டிங்குக்கு எதிரி இல்லை. என் ஒவ்வொரு படமும் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருள் வழியாகத்தான் வருகிறது. கேமராவிலிருந்து வரும் ஜேபெக்தான் உண்மை, அதைத் தொடவே கூடாது என்று வாதாடும் சில உறுப்பினர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஜேபெக்கும் திருத்திய படம்தான். நிறச்சமன், கான்ட்ராஸ்ட், கூர்மை, நாய்ஸ் எனும் புள்ளிப் பிசிறைக் குறைப்பது எல்லாவற்றையும் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடுகிறது. 14 பிட் ரா கோப்பில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தை 16,384 படிகளில் பதிய முடியும். 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். மீதியை எறிந்துவிட்டுத்தான் கேமரா நமக்குப் படத்தைத் தருகிறது. பங்குனி உத்சவத்தில் மயிலாப்பூர் மாட வீதியில் மதிய வெயிலில் எடுத்துப் பாருங்கள். பல்லக்குத் தூக்குபவரின் முகம் கறுத்துப் போயிருக்கும், மேலே வானம் வெளுத்துப் போயிருக்கும். நம் கண் இரண்டையும் பார்த்தது, கேமராவால் முடியவில்லை. நிழலை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கி, கண் பார்த்ததைத் திரும்பக் கொண்டுவருவது பொய் ஆகாது. காசிமேட்டின் மூடுபனியில் மங்கலைக் குறைக்கும் டீஹேஸைக் கொஞ்சம் நகர்த்துவதும் அப்படித்தான்.

அப்படியானால் கோடு எங்கே? எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா.

அவர் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தார். நெகடிவில் டச்சிங் செய்வதுதான் அவருடைய சிறப்பு. சன்னலோரத்தில் சாய்வுப் பலகையில் நெகடிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரின்டில் வெளுப்பாக வரும். முகப்பரு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறையும். பள்ளி விடுமுறையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருவரின் படத்தில் பரு எல்லாவற்றையும் எடுத்தவர், உதட்டோரத்து மச்சத்தை மட்டும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பரு பத்து நாள்ல போயிடும், அத எடுக்கலாம். மச்சம் அவங்க கூடவே இருக்கறது. அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்ல" என்றார்.

பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் நாம் எழுதுவதும் மச்சத்தைத்தான். எண்ணூருக்கு அந்தப் புகைபோக்கிகள் அங்க அடையாளம். அழகாக இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. அன்றைக்குக் காலையில் லென்ஸில் ஒட்டியிருந்த தூசியை எடுக்கலாம். சட்டகத்தின் ஓரத்தில் பறந்து வந்த பிளாஸ்டிக் பையைக்கூட எடுக்கலாமா என்று நாம் உட்கார்ந்து விவாதிக்கலாம், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் புகைபோக்கியில் விவாதிக்க எதுவும் இல்லை.

அப்பா சொன்னதை நானே ஒரு முறை மீறியிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவைப் படம் எடுத்தேன். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்போதுதான் பேரம் முடிந்த சிரிப்போடு இருந்தார். மோவாயில் ஒரு நீளமான தழும்பு. நான் வீட்டில் வந்து மூன்று மணி நேரம் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தேன். தோலை வழவழப்பாக்கினேன். ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் வெளிச்ச அளவை, ஏற்றினால் முகம் வெளுக்கும் என்று அப்போதுதான் கற்றிருந்தேன், அதையும் செய்தேன். தழும்பை அழித்தேன். 8க்கு 12 அளவில் பிரின்ட் போட்டு, லேமினேஷன் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இது இன்னா தம்பி, என் தழும்பு எங்க?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. பதினாலு வயதில் அம்மாவோடு முதன்முதலாக ஏலத்துக்கு வந்த நாளில் ஐஸ் பெட்டியின் தகர விளிம்பு கிழித்த தழும்பு அது. "அன்னிக்கு ரத்தம் ஒழுக ஒழுகக் கூடயத் தூக்கினு போயி வித்தேன். எங்க ஆயா சாவுற வரைக்கும் அத எல்லார்கிட்டயும் சொல்லும்" என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை, வைத்துக்கொண்டார். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் அதை நான் பார்த்ததே இல்லை. பிறகு அதே ரா கோப்பைத் திறந்து, தழும்போடும் அவருடைய சொந்த நிறத்தோடும் இன்னொரு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அது இன்றும் அவர் வீட்டில் தொங்குகிறது.

ரா கோப்பு இருந்ததால்தான் என்னால் அந்தத் தவற்றைச் சரிசெய்ய முடிந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு உருவப்படப் பிரிவில் சுவரில் இருந்த 18 படங்களையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அதில் எத்தனை முகங்கள் உண்மையான நிறத்தில் இருந்தன? மெரினாவில் சுண்டல் விற்கும் பையனும் கோயம்பேட்டில் பூ மூட்டை தூக்கும் பெரியவரும் ஒரே மாதிரி மஞ்சள் வெளுப்பில் இருந்தார்கள். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை பெண்ணை வெளுப்பாக்குவதைப் பார்த்துப் பார்த்து நம் கண்ணே அதற்குப் பழகிவிட்டது. அங்கே காசு கொடுப்பவர் கேட்கிறார், ஸ்டூடியோக்காரர் செய்கிறார். நாம் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்கள். நம்மை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கறுப்பாக இருக்கும் ஒரு மனிதரின் கறுப்பைத் திருத்த வேண்டிய பிழையாக நாமே நினைப்பது எனக்கு ரொம்ப வலிக்கிறது.

சரி, ட்ரைப் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரை நீங்கள் இழுத்தது நல்லதுதான்.

லின்னேயஸ் ட்ரைப் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மதுரையையும் தஞ்சாவூரையும் அவர் எடுத்த படங்கள் இன்றைக்கும் பிரமிக்க வைக்கின்றன. அவர் நெகடிவில் மேகம் தீட்டினார் என்பதும் உண்மை. அந்தக் காலத்து நெகடிவ் நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மசியும். கோபுரம் சரியாக வர வேண்டும் என்று காத்திருந்தால் வானம் முழுக்க வெளுத்து, பிரின்டில் வெறும் காகிதமாக நிற்கும். அந்த வெறுமையைத்தான் அவர் வண்ணப் பூச்சால் நிரப்பினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டவும் செய்தார். படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதை எதிர்ப்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

ஆனால் ட்ரைப் மேகம் தீட்டினார் என்று இன்று உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்? அவருடைய காகித நெகடிவ்கள் பிழைத்திருக்கின்றன. பூச்சு எங்கே, ஒளி பதிந்த இடம் எங்கே என்று பார்த்தே சொல்லிவிடலாம். அவரை உதாரணம் காட்டி நீங்கள் எடுத்த முடிவு, நம் போட்டியில் நெகடிவையே ஒழிக்கிறது. நூறு வருடம் கழித்து ஒருவர் நம் கிளப்பின் தொகுப்பைத் திறந்தால், 2020களில் எண்ணூர் ஆற்றங்கரையில் புகைபோக்கி இருந்ததா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கோடு போட முடியாது என்கிறீர்கள். மற்றவர்கள் போட்டிருக்கிறார்கள். நம் உறுப்பினர்கள் பலர் படம் அனுப்பும் சர்வதேசக் கண்காட்சிகளில் அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ.வும் பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப்பும் இயற்கைப் பிரிவுக்கு ஒரே வரையறையைத்தான் வைத்திருக்கின்றன. கிராப் செய்யலாம், தூசியை நீக்கலாம். சட்டகத்தில் இருந்ததை எடுக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. பத்திரிகைப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2010இல் ஒரு படத்தின் பரிசு பறிக்கப்பட்டது. அதில் அழிக்கப்பட்டது யாரோ ஒருவருடைய பாதத்தின் ஒரு துணுக்குதான். 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 சதவீதத்தை, மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து வெளியேற்றினார்கள். நம் கிளப்பில் பரிசு வாங்கிய பிள்ளைகள் நாளைக்கு அங்கே அனுப்பி அவமானப்பட்டால் அதற்கு யார் பொறுப்பு?

முன்பு வானத்தை மாற்ற ஒரு நாள் வேலை இருந்தது. 2020இல் ஃபோட்டோஷாப்பில் அதற்கென்றே ஒரு கட்டளை வந்துவிட்டது. 2023இல் இல்லாத பொருளை எழுதிக் கேட்டாலே வரைந்து தரும் வசதியும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு சோனி உலக ஒளிப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற படம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்பதை, அதைச் செய்தவரே வெளியே சொல்லி விருதை மறுத்தார். அவராகச் சொன்னார். நம் போட்டியில் சொல்லாமல் இருப்பவரை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எல்லோரும் மூலக் கோப்பைக் கேட்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில் நாம் கேட்பதை நிறுத்துகிறோம்.

இது வெறும் பரிசுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அதே எண்ணூர் ஆற்றில் வந்தது நினைவிருக்கிறதா? படகு, வலை, வீட்டுச் சுவர், எல்லாம் கறுப்பாகப் படிந்தது. கூழைக்கடாக்கள் இறக்கை முழுக்க எண்ணெயோடு உட்கார்ந்திருந்தன. அந்த வாரம் நம் கிளப்பிலிருந்து நாலு பேர் போய்ப் படம் எடுத்தோம். மீனவர்கள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கினார்கள், நடந்ததைக் காட்டுவதற்கு அவர்களுக்கு அவை வேண்டியிருந்தன. அன்றைக்கு யாரும் எங்களைப் பார்த்து "இது எடிட் பண்ணதா?" என்று கேட்கவில்லை. புகைபோக்கியை அழித்த படத்தை இயல்பு என்று சொல்லிப் பரிசு கொடுத்த கிளப் என்ற பெயர் வந்துவிட்டால், அடுத்த முறை கேட்பார்கள். புகைபோக்கியை எடுக்கத் தெரிந்தவருக்கு எண்ணெயைச் சேர்க்கத் தெரியாதா என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

கடைசியாக, என் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியைப் பற்றி. வியாசர்பாடியிலிருந்து வருகிறார், கல்லூரி முதலாம் ஆண்டு. பழைய கேமரா ஒன்றைப் பர்மா பஜாரில் தவணை சொல்லி வாங்கியவர். ஏப்ரல் மாத மதியத்தில் பாரிமுனையில் ஒரு மீன்பாடி வண்டிக்காரர் தன் வண்டிக்கு அடியிலேயே நிழல் தேடிப் படுத்திருந்ததை எடுத்தார். மேலே வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது. படத்தில் வெயில் சுட்டது. உங்கள் மதிப்பெண் தாளில் "வானம் வெறுமை. மாற்றியிருந்தால் பரிசுக்கு வந்திருக்கும்" என்று ஒரு நடுவர் எழுதியிருந்தார். அந்தப் பெண் தாளை என்னிடம் காட்டி, "சார், அன்னிக்கு வானம் அப்படித்தானே இருந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். ஏப்ரலில் சென்னையில் மதியம் வெளியே நின்றவர்களுக்கு அந்த வானம் தெரியும். அந்த வெள்ளைதான் படத்தின் விஷயமே. பஞ்சுமேகம் போட்டிருந்தால் அவர் ஏன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார் என்பதே புரியாது. ஆறு வாரமாக அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

இயல்புப் பிரிவை நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். மாற்றி அமைக்கும் படங்களுக்குத் தனியாக 'படைப்பு' என்று ஒரு பிரிவு வையுங்கள், அதற்கும் இதே அளவு பரிசும் மரியாதையும் கொடுங்கள். அங்கே யாரும் எந்த வானத்தையும் வைத்துக்கொள்ளட்டும், நானே வந்து கைதட்டுவேன். இயல்புப் பிரிவில் வெளிச்சம், நிழல், நிறச்சமன், கிராப், தூசி நீக்கம், பனோரமா ஒட்டுதல் இருக்கட்டும். சட்டகத்தில் இருப்பதை நீக்குவது, இல்லாததைச் சேர்ப்பது, வானம் மாற்றுவது, செயற்கை நுண்ணறிவால் நிரப்புவது கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். உருவப்படத்தில் தோலை வெளுப்பாக்குவதையும் அந்தக் கூடாதவற்றோடு சேருங்கள்.

கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு மூலக் கோப்பு கட்டாயம் என்ற விதி தொடர வேண்டும். அதை நடுவர்கள் உண்மையிலேயே திறந்து பார்த்தார்கள் என்பதற்குக் கையெழுத்தும் வேண்டும். கைபேசியில் எடுப்பவர்கள் ரா இல்லாவிட்டால் கைபேசியிலிருந்து நேரே வந்த கோப்பைக் கொடுக்கட்டும். கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் என்ன செய்தோம் என்று ஒரே ஒரு வரி இருக்கட்டும். "வானம் மாற்றப்பட்டது" என்று அந்த எண்ணூர் படத்தின் கீழே எழுதியிருந்தால், அந்த அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பியிருக்க மாட்டார்.

முதல் பரிசைத் திரும்ப ஆராயுங்கள். நண்பரை அழைத்து, கண்ணியமாகப் பேசி, அவர் சம்மதத்தோடு அந்தப் படத்தைப் படைப்புப் பிரிவுக்கு மாற்றுங்கள். அவருடைய மூலக் கோப்பை இயல்புப் பிரிவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது அந்த இடத்துக்குத் தகுதியான படம் என்று நான் எழுத்தில் சொல்கிறேன்.

அந்த மாணவிக்கு, மதிப்பெண் தாளில் அந்த வரியை எழுதிய நடுவர் ஒரு கடிதம் எழுத வேண்டும். வானம் அப்படித்தான் இருந்தது, நீ செய்ததில் தவறில்லை என்று இரண்டு வரி போதும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எண்ணூரில் அன்று காலை நான் எடுத்த 43 கோப்புகளையும் மடிக்கணினியில் கொண்டுவருகிறேன். புரொஜெக்டரை மட்டும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிளப்பின் உறுப்பினர், ஞாயிறு வகுப்பு ஆசிரியர்
ராயபுரம், சென்னை